ஜோசியர் சாரின் இரக்கம்

புதுச்சேரிப் பக்கம் எங்கள் பாகூர் கொம்யூனில் இருக்கும் அத்தனை ஜோசியர்களையும் ஏரிக்கரையில் வரிசையாக உட்கார வைத்தாலும், எங்கள் கணக்கு வாத்தியாரிடம் தோற்றுத்தான் எழுந்து போவார்கள். அவர்களுக்கு ஜாதகம் வேண்டும், கட்டம் வேண்டும், தட்சணை வேண்டும். எங்கள் சாருக்கு ஒரே ஒரு கேள்வி போதும். ஒன்பதாம் வகுப்பின் முதல் நாள், வகுப்பு வாசலிலேயே நிறுத்திக் கேட்பார்: "அப்பா இன்னா பண்றாரு?"

பதில் வந்த கையோடு பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை அப்போதே சொல்லிவிடுவார். "நீ மொத பெஞ்சுக்குப் போ. நானூறுக்கு மேல எடுப்ப." "நீ நடுவுல உக்காரு. தட்டுத் தடுமாறி பாஸ் ஆயிடுவ." கூலி வேலை என்றோ, பனித்திட்டு மீனவக் குப்பத்துப் பிள்ளையாக இருந்து, கடலுக்குப் போகிறார் என்றோ பதில் வந்தால் அவர் குரல் குழைந்துவிடும். "கடைசி பெஞ்சுல ஜன்னலாண்ட உக்காரு கண்ணு. நல்லா காத்து வரும்." சொன்னதெல்லாம் அப்படியே பலிக்கும். ஊரே அவரை ஜோசியர் என்றுதான் கூப்பிட்டது. என் அப்பா கூட்டுறவு சொசைட்டியில் கிளார்க். நான் நடு பெஞ்ச். தட்டுத் தடுமாறித்தான் பாஸ் ஆனேன்.

முதல் பெஞ்சுக்காரர்கள் பாடு சனி பிடித்த பாடு. ஒரு கூட்டல் தப்பினால் காதைத் திருகுவார். "உங்கப்பா மூஞ்சில நான் எப்படிடா முழிப்பேன்?" என்று போர்டுக்கு இழுத்துப்போய், விடை வரும்வரை விடமாட்டார். கடைசி பெஞ்சுக்கோ ராஜபோகம். அடி இல்லை, கேள்வி இல்லை, வீட்டுப்பாடம் இல்லை. செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், ஆண்டு விழாவுக்குப் பந்தக்கால் நடலாம், தூக்கம் வந்தால் தூங்கலாம். மதியம் தன் டிபன் பாக்ஸ் முட்டையை எடுத்து அவர்கள் தட்டில் வைப்பார். "பாவம், வூட்டுல ஆயிரம் கஷ்டம். இங்கயாவது நிம்மதியா இருக்கட்டுமே" என்பார். அவரைத் தெய்வமாகக் கொண்டாடியது கடைசி பெஞ்ச்தான். வருஷா வருஷம் கணக்கில் கோட்டை விட்டதும் அவர்கள்தான். பலனைச் சொல்லிவிட்டு, அது பலிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளும் ஜோசியர் வேறு எங்கே கிடைப்பார்?

அவர் கணிப்பு ஒரே ஒரு முறை பிசகியது. புனிதா என் வகுப்பு. அவள் அப்பா ஒரு பெரிய கழனிக்காரரிடம் டிராக்டர் ஓட்டினார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். பள்ளி திறந்த அன்று பஸ் வரவில்லை. டவுனுக்குக் கிளம்பிய கழனிக்காரர், வழியில் நின்ற பெண்ணைத் தன் காரில் ஏற்றிவந்து பள்ளி வாசலில் இறக்கிவிட்டுப் போனார். ஜோசியர் பார்த்துவிட்டார். வாழ்க்கையில் முதன்முறையாகக் கேள்வியே கேட்காமல் பலன் சொன்னார்: "மொத பெஞ்ச். எனக்கு எதிர்லயே உக்காரு."

சார் உட்காரச் சொன்னால் உட்காருவதுதானே வழக்கம்? உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவள் காது அவர் கையில். "இந்தக் கணக்குக்கூட வரலன்னா ஊரு சிரிக்காதா? அழிச்சிட்டு மறுபடி போடு!" அவள் அழுதாள், அழித்தாள், மறுபடி போட்டாள். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். நர்ஸாகப் போவதாக எங்களிடம் சொல்ல ஆரம்பித்தாள். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

பொங்கல் கழிந்து பெற்றோர் கூட்டம் வைத்தார்கள். புனிதாவின் அம்மா நடவிலிருந்து நேராக வந்துவிட்டாள். புடவைக் கரையெல்லாம் சேறு.

"நீங்க யாரும்மா?" என்றார் ஜோசியர்.

"புனிதா அம்மா சார்."

"அப்ப அந்தக் காரு?"

"அது மொதலாளி காருங்க. எங்க வூட்டுக்காரரு அவராண்ட டிராக்டர் ஓட்றாரு."

ஏமாந்துவிட்டோமே என்று அவருக்குக் கோபம் வந்திருந்தால் தேவலை. கண் கலங்கிவிட்டார். "ஐயோ, இத்தினி நாளா இந்தப் புள்ளைய இன்னா பாடு படுத்திட்டேன்! மன்னிச்சுக்கம்மா" என்று கை கூப்பினார். மறுநாள் புனிதா ஜன்னலோரம் இருந்தாள்.

சில நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு நாள் வகுப்பில் எழுந்து நின்றாள். "சார், என் நோட்டயும் பாருங்க சார்."

"உனக்கெதுக்கும்மா அந்தக் கஷ்டம்? பாத்தா தப்பு இருக்கும். அப்புறம் மனசு நோவும்."

"தப்பா இருந்தா திட்டுங்க சார். காதத் திருகுங்க சார்."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அடி கேட்டுக் கெஞ்சும் பிள்ளையை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. ஜோசியர் மட்டும் சிரிக்கவில்லை. "உன்னப் போயி திட்டுவனா கண்ணு? போ, செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வா" என்றார்.

ஊற்றினாள். பத்தாவது முடியும்வரை ஊற்றினாள். எங்கள் பள்ளித் தோட்டம் அவ்வளவு பச்சையாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. கணக்கில் ஃபெயிலானாள். திரும்ப எழுது என்று சொல்ல ஆளில்லை. கொஞ்ச காலம் அம்மாவோடு நடவுக்குப் போனாள். அப்புறம் வேலைக்கு ஆள் ஏற்றும் கம்பெனி வேன் ஊருக்குள் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

போன மாதம் ஜோசியருக்குப் பணி நிறைவு விழா. முதல் பெஞ்ச் வெளிநாடுகளிலிருந்து வாட்ஸப்பில் கும்பிட்டது. நேரில் வந்து மண்டபத்தை நிறைத்ததெல்லாம் கடைசி பெஞ்ச். புனிதாவும் ஷிப்ட் முடிந்து கம்பெனி யூனிஃபார்ம் கோட்டோடு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஜோசியர் அவளைச் சட்டென்று அடையாளம் கண்டுகொண்டார். "புனிதாதானே?"

"ஆமா சார். இது எம்பொண்ணு. ஜூன்ல நம்ம ஸ்கூல்ல ஆறாவது சேருது."

அவர் அந்தக் கோட்டைப் பார்த்தார். குரல் குழைந்தது. சிறுமியின் தலையில் கை வைத்தார். "கவலப்படாத கண்ணு. புதுசா வர்ற சாராண்ட சொல்லிட்டுத்தான் போவேன். புள்ளைய யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டாங்க."

புனிதா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணா சார். உங்க கால்ல வுழறேன். யாராண்டயும் ஒண்ணும் சொல்லாதீங்க."

காலில் விழுகிறேன் என்றதும் ஆசீர்வாதம் கேட்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். தன் கழுத்து மாலையைக் கழற்றி அந்தப் பெண் குழந்தைக்குப் போட்டு, "நல்லா இரு" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

இத்தனை வருஷம் கழித்தும் அவள் பெயரை மறக்காத வாத்தியார் எங்கள் பள்ளியில் அவர் ஒருவர்தான். அவரை எனக்கு இன்னமும் பிடிக்கிறது. அதை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவே இல்லை.