தொட்டுப் பார்த்துவிட்டுத் தள்ளவும்

எனக்கு யாரிடமும் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. கேட்கும்படி நான் நடந்துகொண்டதும் இல்லை. (எங்க வூட்ல இதை ஒத்துக்க மாட்டாங்க. அது அவங்க இஷ்டம்.) ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். அப்போது நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் சோப்புத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்.

ஒரகடம் பக்கம் கார் சீட்டு செய்கிற கம்பெனி ஒன்றில் எனக்கு ஹவுஸ்கீப்பிங் வேலை. மண்ணூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வருவேன். பெயர் அற்புதமேரி. ஷெட்டில் எல்லாருக்கும் மேரியக்கா. லைனில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் என்னை ஆயா என்று கூப்பிட்டான். அவன் நிற்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் கூட்டினேன். (அந்த வாரமே அக்கா ஆயிட்டேன்.)

கூட்டுகிற பெண்களுக்கெல்லாம் அப்போது நான்தான் லீடர். சம்பளத்தில் அதற்கென்று எதுவும் கிடையாது, மரியாதைதான். பள்ளிக்கூடம் அதிகம் போகவில்லை என்றாலும் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்து மேலே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், அவசரப்படுத்தாமல் இருந்தால் சொல்லிவிடுவேன்.

பச்சையம்மாவுக்கு அதுவும் வராது. வாலாஜாபாத் பக்கத்துக்காரி. புருஷன் இல்லை, இரண்டு பெண்பிள்ளைகள். என்னைவிட வயதில் சின்னவள், வாயில் பெரியவள். ஒருநாள் காலையில் அவள் ஆசிட் பாட்டிலை எடுத்துப் பிளீச்சிங் தண்ணீர் இருந்த பக்கெட்டில் ஊற்றிவிட்டாள். புகை கிளம்பியது. ஷெட்டே இருமிக்கொண்டு வெளியே ஓடியது. லைன் நின்றுவிட்டது. அங்கே மனுஷன் மயங்கி விழுந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குவார்கள். லைன் நின்றால் மீட்டிங் போடுவார்கள்.

மீட்டிங்கில் என்ன முடிவு செய்தார்கள் என்று எங்கள் சூப்பர்வைசர் பாலமுருகன் வந்து சொன்னான். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன், நல்லவன். தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"யக்கா, என்னைத் திட்டாதீய. படிக்கத் தெரியாதவுகள எல்லாம் மாசக் கடைசியோட நிப்பாட்டச் சொல்லுதாக."

"நிறுத்திட்டா நான் எங்க போறது?" என்றாள் பச்சையம்மா. "பெரியவ இப்பத்தான் காலேஜி சேந்துகீறா. வேலை போச்சுன்னா இ.எஸ்.ஐ. கார்டும் பூடும். என் வயித்துக் கட்டிக்கு அதுலதான் மாத்திரை வாங்கிக்கினு கீறேன்."

"அழுவாத. நான் கீறேன்ல" என்றேன் நான். (இதைச் சொல்லாம இருந்திருந்தா அந்தப் பெரிய மனுஷர் துணி நனைஞ்சிருக்காது.)

சேஃப்டி டிபார்ட்மெண்டில் நித்யா என்று ஒரு இன்ஜினியர் பெண். அவள்தான் ஒரு வழி சொன்னாள். எழுத்தே வேண்டாம், படத்தைக் காட்டியே எது ஆபத்து, எங்கே ஒதுங்க வேண்டும் என்று பழக்கிவிடலாம், அதற்கு வி.ஆர். என்று ஒன்று இருக்கிறது என்றாள். ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வரப்போகிறார். படிக்காதவர்களும் அதில் பழகிக்கொள்கிறார்கள் என்று அவர் கண்ணால் பார்த்துவிட்டால் யாரையும் நிறுத்த வேண்டியதில்லை. அவருக்குச் செய்துகாட்ட ஒருவர் வேண்டும். என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்?

வி.ஆர். என்பது ஒரு கறுப்புப் பெட்டி. கண்ணை மூடி, தலையைச் சுற்றி வாரால் கட்டுவார்கள். மாட்டியதும் நம் ஷெட்டு காணாமல் போய் வேறொரு ஷெட்டு வரும். குனிந்து பார்த்தால் காலும் இல்லை, புடவையும் இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. நித்யாவிடம் சொன்னேன்.

"இதுல அப்படித்தான்க்கா" என்றாள்.

"ஒரு பொம்பளைய இப்படியா நிக்க வெப்பாங்க? சொல்லி வை."

முதல் நாள் அதற்குள் சாமான் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று என்னைப் பார்த்து நேராக வந்தது. நான் அலறிப் பாய்ந்ததில் பாலமுருகன் சட்டைப் பாக்கெட் என் கையோடு வந்துவிட்டது. பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். யாருக்காக நான் அதை மாட்டினேனோ அந்தப் பச்சையம்மாதான் அதிகம் சிரித்தாள்.

நித்யா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்கக்கா. இதுல தெரியறது எதுவுமே நிஜமில்ல. வெறும் படம். உங்களை ஒண்ணும் பண்ணாது" என்றாள். அந்த ஒரு வார்த்தையை நான் நன்றாகப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் ஃபோர்க்லிஃப்ட் வந்தது. நான் நகரவில்லை. அது எனக்குள்ளே புகுந்து அந்தப் பக்கம் போயிற்று. பெட்டிக்குள் எல்லாம் சிவப்பாகி மணி அடித்தது.

"அக்கா, நீங்க செத்துட்டீங்க."

"செத்தாலும் நிக்கிறேன் பாத்தியா?"

"நிக்கக் கூடாதுக்கா. ஒதுங்கணும். அதுக்குத்தான் இந்த டிரெயினிங்."

"பயப்படாதேன்னு நீதானே சொன்ன?"

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

அதற்குள்ளே இன்னொரு பாடமும் உண்டு. தரையில் தண்ணீர் கொட்டியிருக்கும். நடுவில் தொந்தியும் வெள்ளைச் சட்டையுமாக ஒருவன் நிற்பான். ஆபத்தில் நிற்கிறான் என்று காட்ட அவனைச் சுற்றிச் சிவப்புக் கோடு ஓடும். கையைக் காட்டி அவனை ஒதுங்கச் சொல்ல வேண்டும், அவன் போனபிறகு மாப் போட வேண்டும். அவன் ஒதுங்குவதற்குள் எனக்குப் பொறுமை போய்விடும். ஒருநாள், "தள்ளுடா தொந்தி" என்று சொல்லி அவனுக்குள்ளேயே நடந்து போனேன். புகை மாதிரி விலகினான். தரையும் சுத்தமாகிவிட்டது. பிறகு தினமும் அப்படித்தான். டீ டைமில் அதைக் கேட்கவே பெண்கள் வந்து கூடுவார்கள். நான் எங்கள் எல்லாருடைய பிழைப்பையும் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி வந்த அன்று நான் பின்பக்கம் ரெஸ்ட் ரூமில் கொண்டை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. இது முக்கியம். அவர் வரும்போதே புதிதாக ஒரு சாமான் கொண்டுவந்திருந்தார். பெட்டி வேண்டாம், இதில் செய்துகாட்டுங்கள் என்று சொல்லிவிட்டாராம். நித்யா அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். வெல்டிங் செய்கிறவர்கள் போடுகிற கண்ணாடி மாதிரி இருந்தது, ஆனால் வெளியே எல்லாம் தெரிந்தது. மாட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, இது ஏ.ஆர். அந்தப் பெட்டி மாதிரி இல்ல. பெட்டி கண்ணை மூடிட்டு வேற இடத்தைக் காட்டும். இதுல நம்ம ஷெட்டுதான் தெரியும். ஆளு, தரை, மாப் எல்லாம் நிஜம். மேல வர்ற அம்பும் கோடும் மட்டும்தான் படம். புரிஞ்சுதா?"

"புரியுது. வாரை இறுக்காத, கொண்டை கலையுது."

அவள் சொன்னதில் பாதியைக் கொண்டை எடுத்துக்கொண்டது. மீதிப் பாதியை இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். பெண்கள் எல்லாம் வரிசையாக நின்று என்னையே பார்க்கிறார்கள். லீடர் எப்படிக் கேட்பது?

நடந்து உள்ளே போனேன். ஷெட்டு தெரிந்தது. பெட்டியிலும் ஷெட்டுதான் தெரியும். குனிந்து பார்த்தேன். கால் இருந்தது. என் நீலப் புடவை இருந்தது. நான் சொன்னதை மதித்துப் புடவை போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று மனசு நிறைந்துபோனது. கையில் மாப் கொடுத்தார்கள். ஈரமாக, கனமாக இருந்தது. கனம்கூட வைத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். எதிரே பாலமுருகன், நித்யா, பெண்கள் எல்லாரையும் அப்படியே வரைந்திருந்தார்கள். பச்சையம்மா ஜாக்கெட் கையில் வேறு நிற நூலால் போட்ட தையலைக்கூட விடவில்லை.

தரையில் ஒரு மஞ்சள் அம்பு ஓடியது. அதன் பின்னாலேயே போனேன். சோப்புத் தண்ணீரைக் கொட்டிவைத்திருந்தார்கள். அதன் நடுவில், கிட்டத்தில் நின்று பார்க்கலாம் என்று வந்தாரோ என்னவோ, வெள்ளைச் சட்டையில் ஒருவர் நின்றார். தொந்தி இருந்தது. அவரைச் சுற்றிச் சிவப்புக் கோடு ஓடியது.

"தள்ளுடா தொந்தி" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

விலகவில்லை. மாப் அவர் முழங்காலில் இடித்தது, நான் அவர் தொந்தியில் இடித்தேன். அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பின்பக்கமாகப் போய்ச் சோப்புத் தண்ணீரில் உட்கார்ந்தார். நான் நின்று பார்த்தேன். இந்தத் தொந்தி விழவும் விழுகிறான், பழையதைவிட நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்கக் குனிந்து, அவர் கன்னத்தைக் கிள்ளினேன்.

சூடாக இருந்தது.

பெட்டிக்குள் நான் பார்த்த நெருப்பில்கூடச் சூடு இருந்ததில்லை. கண்ணாடியைக் கழற்றினேன். சிவப்புக் கோடு போய்விட்டது. மஞ்சள் அம்பு போய்விட்டது. அவர் போகவில்லை.

"மன்னிச்சுக்கங்க சார்" என்றேன். "நீங்க இருக்கறது எனக்குத் தெரியல."

"இருக்கேன்மா" என்றார் அவர்.

பாலமுருகன் ஓடிவந்து தூக்கிவிட்டான். அதிகாரி பேன்ட்டைப் பிழிந்துகொண்டே கேட்டார். "இவங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"கூட்டிக் கூட்டிப் படிப்பாக, சார்."

"சுத்தமா படிக்கத் தெரியாதவங்க யாரு?"

எல்லாருக்கும் வேலை போய்விட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பச்சையம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான்தான் சார். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. ஆனா உங்களை நான் தள்ளல. படிச்சவங்கதான் தள்ளினாங்க."

பின்னால் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை. அதிகாரி சிரிக்கவில்லை. அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தன் பேன்ட்டைப் பார்த்தார். பிறகு அந்தக் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, ஈரத்தோடு நின்று, தானே மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது வெறும் படம் சார்" என்றேன்.

அவர் பெட்டியைக் கழற்றினார். "தெரியும். இருந்தாலும் நான் ஒதுங்கினேன். நீங்க ஒதுங்குவீங்களா?"

"மாட்டாங்க சார்" என்றாள் நித்யா மெதுவாக. "எதிர்லயே நிப்பாங்க."

"நிஜ வண்டி வந்தா?"

ஷெட்டின் அந்தப் பக்கம் நிஜ ஃபோர்க்லிஃப்ட் ஒன்று சீட்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. காலையில் அதற்கு முன்னால் நான் எப்படி நடந்து வந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். அவசரமாக ஒதுங்கின மாதிரி ஞாபகம் இல்லை.

யாரையும் நிறுத்தவில்லை. ஆசிட் பாட்டிலுக்குச் சிவப்பு மூடி, பிளீச்சிங்குக்கு நீல மூடி என்று மாற்றினார்கள். இரண்டையும் வேறு வேறு அறையில் வைத்தார்கள். அதற்குப் பெட்டியும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். பெட்டியில் பழகுகிறவர்கள், பழகி முடித்ததும் போய் நிஜ ஃபோர்க்லிஃப்டைக் கையால் தொட்டுவிட்டு வர வேண்டும் என்று ஒரு முறையும் வந்தது. என்னை ஃபோர்க்லிஃப்ட் வராத இடமாகப் பார்த்து, கேன்டீனில் கை கழுவுகிற இடத்துக்கு மாற்றினார்கள். (நிழலான இடம். காத்தும் வரும்.) லீடர் வேலையைப் பச்சையம்மாவுக்குக் கொடுத்தார்கள்.

நான் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். பஸ்ஸில் அவள் தன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்துவைப்பாள். நான் அதைத் தாண்டிப் போய் நின்றுகொண்டே வருவேன். மழைக்காலம் வந்து முழங்கால் வலி எடுத்தபிறகு ஒருநாள் உட்கார்ந்தேன்.

"உனக்காகத்தான் அதை மாட்டிக்கினேன். எல்லார் எதிர்லயும் என்னைக் காட்டிக் குடுத்தியே" என்றேன்.

"நிஜத்தத்தானக்கா சொன்னேன்" என்றாள். "நவுந்து குந்து, ஜன்னல் பக்கம் சாரல் அடிக்குது."

வீட்டில் இன்றைக்கும் விடவில்லை. யாராவது விருந்தாளி வாசலில் வந்து நின்றால், "அத்தை, சூடா கீறாரான்னு பாத்துட்டு சேர் போடுங்க" என்பாள் என் மருமகள். ஷெட்டில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு, மேரியக்கா கிட்டே வந்தால் கன்னத்தைக் காட்டு என்று சொல்லிவைக்கிறார்களாம். நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

போன மாதம் பச்சையம்மாவுக்கு வயிற்றுக் கட்டியை ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அந்த இ.எஸ்.ஐ. கார்டில்தான். பார்க்கப் போனேன். அவள் பெண்கள் கீழே மருந்து வாங்கப் போயிருந்தார்கள். கட்டிலில் கையில் ஊசி குத்தி, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். முகத்தில் நிறமே இல்லை. "பச்சையம்மா" என்று கூப்பிட்டேன். அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. குனிந்து அவள் கன்னத்தில் கையை வைத்தேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"சூடாத்தான்க்கா கீது. தள்ளிடாத."