ஸ்பாம் அக்கா போட்ட தனி டப்பா

செஞ்சியில் ஒரு ஆள் யோக்கியனா, டுபாக்கூரா என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லத் தெரிந்தவர் ஒருத்தர்தான். ஸ்பாம் அக்கா. நிஜப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கலாம். ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது.

திருவண்ணாமலை ரோட்டில் மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், காற்றைவிடச் சத்தம் அதிகம் தரும் ஒரு ஃபேன். இதுதான் அக்காவின் பிரவுசிங் சென்டர். மெயில் பார்க்கத் தெரியாத வியாபாரிகளுக்கெல்லாம் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்து, தினமும் திறந்து, ஸ்பாம் என்கிற குப்பை மெயிலைக் கழித்து, வேண்டியதை மட்டும் பிரிண்ட் எடுத்து வைப்பார்.

குப்பையைச் சும்மா கழிக்க மாட்டார். திட்டித்தான் அனுப்புவார்.

"ஏன்டா, எனக்கு அம்பது கோடி எழுதி வச்சிட்டுச் செத்துட்டியா? கூடப் பொறந்தவன் பொங்கலுக்கு ஒரு சீலை எடுத்துத் தரல, நீ எவன்டா?"

ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் குடும்பச் சண்டை என்று நினைத்து வாசலிலேயே நின்றுவிடுவார்கள்.

லாட்டரி விழுந்ததாக மெயில் வந்து, வல்லத்து டெய்லர் ஒருவர் புதுச் சட்டையோடு வந்துவிட்டார். பேங்க் விவரம் கேட்டிருந்தார்கள். அக்கா அவரை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

"அண்ணே, நீ எந்தச் சீட்டு வாங்கின?"

"வாங்கலியே."

"வாங்காத சீட்டுக்கு எப்டிண்ணே பரிசு விழும்?"

டெய்லர் டீயை முழுசாகக் குடித்து யோசித்துவிட்டு, "அதானே" என்றார். போகும்போது, "சட்டை எடுப்பா இருக்குதுண்ணே" என்று அக்கா சொன்ன பிறகுதான் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

எனக்கும் அடி விழுந்திருக்கிறது. நான் அனுப்பிய கதைக்கு ஒரு பத்திரிகை ஆசிரியர் போட்ட பதில் மெயிலை அக்கா ஸ்பாமில் தள்ளிவிட்டார். ஏன் என்று கேட்டால், "'வருந்துகிறோம்'னு ஆரம்பிக்கிறான் தம்பி. காலங்காத்தால உன்னை அழ வைக்கிறவன் யாரா இருந்தா இன்னா?"

அப்படிப்பட்டவரிடம் ஒருநாள் அனந்தபுரம் உரக்கடைக்காரர் கோபமாக வந்தார். அவருடைய ஒரே மகள் தானாகக் கல்யாணம் செய்துகொண்டு புனே போய்விட்டாள். இவர் அவள் போன் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டார். அவள் மெயில் போட ஆரம்பித்தாள்.

"அதுகிட்டேர்ந்து வர்றது எதுவும் என் கண்ணுல படக்கூடாது. ஸ்பாம்ல போட்டுடும்மா."

"ஸ்பாம்ல போட்டா முப்பது நாள்ல தானா அழிஞ்சிடும் சார்."

"அழியட்டும்."

அவர் போனதும் அக்கா கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். பக்கத்து நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தேன். மகளின் மெயில்கள் மட்டும் முன்பக்கத்தில் தெரியாமல், ஆனால் அழியாமல், தனியாகப் போய்ச் சேரும்படி ஒரு டப்பா போட்டிருந்தார். டப்பாவின் பெயர், 'ஆறட்டும்'.

"அக்கா, அவருக்குத் தெரிஞ்சா?"

"திட்டுவாரு. தினம் நான் எத்தினி பேரைத் திட்டறேன், நான் ஒருநாள் வாங்கிக்கக் கூடாதா?"

"அதையெல்லாம் படிப்பீங்களா?"

"சீ! அடுத்தவங்க லெட்டரு. தலைப்பு மட்டும் கண்ணுல படும். வாரா வாரம் ஒரே தலைப்புதான். 'நைனா, சாப்டியா?'"

அதன்பிறகு உரக்கடைக்காரர் சரக்கு லிஸ்ட் வாங்க வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்தபடி கேட்பார்: "அந்தக் குப்பை எல்லாம் போயிடுதா?" "போயிடுது சார்." முதலில் மாதம் ஒருமுறை கேட்டார். பிறகு வாரம் ஒருமுறை. பிறகு லிஸ்ட் எதுவும் இல்லாத நாளிலும் வந்து கேட்டார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் வந்தவர், சுவரைப் பார்க்கவில்லை.

"ஏம்மா, ஸ்பாம்ல போனது திரும்ப வருமா?"

"முப்பது நாள் தாண்டினா வராது சார்."

மனுஷன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அக்காவால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சார், நீங்க சொன்ன மாதிரி நான் செய்யல. திட்டறதுன்னா திட்டிக்கோங்க" என்று சொல்லி அந்த டப்பாவைத் திறந்தார்.

திரை முழுக்க 'நைனா, சாப்டியா?' மேலிருந்து கீழ்வரை. உரக்கடைக்காரர் கண்ணாடி கொண்டு வரவில்லை. கொண்டு வந்திருந்தாலும் படித்திருக்க முடியாது. அக்காதான் படித்துக் காட்டினார். முதல் மெயிலில் அழுகை. நடுவில் வேலை கிடைத்த சேதி. கடைசியில், "எனக்கு ஏழாம் மாசம் நைனா. இங்க வேர்க்கடலை நம்மூரு கடலை மாதிரி இல்ல."

அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி ஒரே ஒரு வார்த்தை அடித்தார்: 'சாப்டேன்'. அனுப்பு என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, உடனே பதறிக் கேட்டார்:

"ஏம்மா, இது அதுக்கு ஸ்பாம்ல போயிடாதே?"

"போவாது சார்" என்று சொல்லி அக்கா அனுப்பும் பட்டனைத் தட்டினார்.

போகவில்லை. கால்மணி நேரத்தில் அந்தப் பெண், மெயிலின் அடியில் இருந்த சென்டர் போன் நம்பருக்கே கூப்பிட்டுவிட்டது. அடுத்த வாரமே உரக்கடைக்காரர் ஒரு மூட்டை வேர்க்கடலையோடு புனேவுக்கு ரயில் ஏறினார்.

குழந்தை பிறந்த பிறகு மகள், மருமகன் எல்லாரும் அக்காவைப் பார்க்க சென்டருக்கு வந்தார்கள். ஊரில் ஒருத்தரை விடாமல் திட்டுகிற அக்கா, ஓடிப்போய் ஜெராக்ஸ் மெஷின் பின்னால் தரையில் உட்கார்ந்து ஒளிந்துகொண்டார். "நான் விழுப்புரம் போயிருக்கிறேன்னு சொல்லு தம்பி" என்று என்னிடம் கெஞ்சல் வேறு. அந்தப் பெண் நேராக அங்கேயே போய்க் குழந்தையை அவர் மடியில் வைத்தாள். அக்கா அதற்குமேல் முகத்தை மறைக்கவில்லை.

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. வெளியூரில் யாராவது கேட்டால், செஞ்சியில் ஒரு அக்கா இருக்கிறாள் என்றுதான் சொல்லி வருகிறேன்.