எல்லாக் காரும் நிற்கும் இடம்

"இங்க எவன்யா நிப்பான்?"

மேனேஜர் கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்து அழுத்தினார். விரலுக்கு அடியில் ஒரு பச்சைப் புள்ளி. அதைச் சுற்றி ஒன்றுமே இல்லை. ஊர் இல்லை, ஹோட்டல் இல்லை, பெட்ரோல் பங்க்கூட இல்லை. நெடுஞ்சாலை மட்டும் யாரோடும் பேச்சுவார்த்தை இல்லாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"நிப்பாங்க சார்," என்றான் அவன். "நிக்காம எங்க போயிடுவாங்க?"

அவனுக்கு ஆபீசில் பட்டப்பெயர் புள்ளி. தூரப் பயணம் போகும் மின்சாரக் கார்களுக்கு எங்கெங்கே வேக சார்ஜிங் ஸ்டேஷன் கட்டலாம் என்று மேப்பில் புள்ளி வைப்பதுதான் அவன் வேலை. பெண் பார்க்க வந்தபோது "மாப்பிள்ளை கம்பெனியில பெரும்புள்ளி" என்று தரகர் அடித்து விட்டதை மாமியார் இன்னும் மறக்கவில்லை. அப்போது அவன் புகார்ப் பிரிவில் போன் எடுத்துக்கொண்டிருந்தான். காதில் ஹெட்போனும் வாயில் மன்னிப்புமாக வருஷக்கணக்கில் உட்கார்ந்து, தூக்கத்தில் மனைவி புரண்டு படுத்தாலும் "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று முனகுகிற அளவுக்கு முற்றிப்போய், கெஞ்சிக் கூத்தாடித் திட்டப் பிரிவுக்கு வந்திருந்தான். அதுவும் சோதனைக்கு. முதல் ஸ்டேஷனுக்கு போர்டு சம்மதித்தால் இங்கேயே நிரந்தரம். இல்லையென்றால் திரும்பவும் ஹெட்போன்.

ஹெட்போனை நினைத்தாலே அவனுக்குக் காது அரித்தது.

அதனால் அந்தப் புள்ளியை அவன் ஏனோதானோ என்று வைக்கவில்லை. இந்தப் பக்கம் ஒரு சார்ஜர், அந்தப் பக்கம் ஒரு சார்ஜர், நடுவில் நாதியற்ற நீளம். மேடு, காற்று, ஏசி, பின்சீட்டில் நாலு பேர், டிக்கியில் பெட்டி எல்லாம் போட்டுக் கணக்குப் பார்த்து, பேட்டரிக்கு மூச்சு வாங்குகிற இடம் இதுதான் என்று குறித்தான். புள்ளி முதலில் சாம்பல் நிறத்தில், துக்கம் விசாரிக்க வந்த ஆள் மாதிரி மங்கலாக விழுந்தது. பக்கத்தில் ஒரு டிக். டிக்கை எடுத்தால் பளிச்சென்று பச்சை. டிக்குக்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ போட்டிருந்தது. அதை எல்லாம் யார் படிப்பது? மேனேஜருக்கு ஏற்கனவே கண் மங்கல், பச்சைதான் எடுப்பாக இருக்கும் என்று டிக்கை எடுத்துவிட்டான்.

"நிப்பாங்கன்னு வாய்ல சொன்னா ஆச்சா?" என்றார் மேனேஜர். "ஆதாரம் வேணும். போர்டுல இருக்கறவங்க எல்லாம் ஆதாரத்தைத்தான் காலையில காபில கரைச்சுக் குடிக்கறாங்க."

"கொண்டு வரேன் சார்."

கொண்டு வந்தான்.

கம்பெனி ஆப் வைத்திருக்கும் கார்கள் வழியில் எங்கே நின்றாலும் அவன் திரையில் சிவப்பாகத் தெரியும். கொஞ்ச நாளிலேயே பச்சைப் புள்ளியைச் சுற்றி இரண்டு மூன்று சிவப்பு. அவன் நாற்காலியோடு உருண்டு மேனேஜர் அறைக்குள் போனான்.

"பஞ்சராகி நின்னிருக்கும்," என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

"எல்லாருக்கும் ஒரே இடத்துலயா சார் பஞ்சர் ஆகும்?"

"ஆணி கிடந்திருக்கும்."

அவன் விடுகிற ஆளா? சின்னப் புள்ளியாக இருப்பதால்தான் இளக்காரம் என்று முடிவு கட்டினான். இரண்டு சார்ஜர் என்று போட்டிருந்ததை அழித்து எட்டு என்று போட்டான். புள்ளி உப்பிப் பெரிதானது. அடுத்த வாரம் சிவப்பும் உப்பியது. அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது அந்த இடம்.

இந்த முறை மேனேஜர் பக்கத்து மேஜைக் கணக்கு மேடத்தையும் கூப்பிட்டார். அந்த அம்மா எதையும் நம்ப மாட்டார். மழை பெய்தால்கூட மாடியில் யாராவது துணி அலசுகிறார்களா என்று விசாரிப்பார்.

"ஒண்ணுக்குப் போக நிறுத்தியிருப்பாங்கப்பா," என்றார் மேடம். "அதுக்கா கோடி கோடியா கொட்டணும்?"

அவன் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். முகத்தில் பல்ப் எரிந்தது.

"மேடம், ஒவ்வொரு காரும் நாலு மணி நேரம் நிக்குது! எவ்வளவு அடக்கி வெச்சிருந்தாலும் நாலு மணி நேரம் யாரும் ஒண்ணுக்குப் போக மாட்டாங்க!"

மேடம் முதல் தடவையாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாலு மணி நேரமா? அப்படி என்னதான் பண்றாங்க அங்க?"

"பிடிச்சிருக்கு மேடம். இடம் அப்படி."

"அப்ப வெறும் சார்ஜர் போதாதே. நாலு மணி நேரம் உக்கார்றவங்களுக்குக் காபி வேணும், கழிப்பறை வேணும், குழந்தைங்க விளையாட ஏதாவது வேணும். அதையும் சேர்த்துப் போடு. செலவு பார்க்கணும்."

சொல்லி வாய் மூடவில்லை, அவன் போட்டுவிட்டான். புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கோப்பை, ஒரு நாற்காலி, ஊஞ்சலாடும் குழந்தைப் படம்.

அதற்கடுத்த வாரம் பெரிய பெரிய குடும்பக் கார்களாக வந்து நின்றன.

புகார்ப் பிரிவில் அவனுக்குப் பக்கத்து சீட்டில் இருந்த அக்கா அன்றைக்கு இன்டர்காமில் கூப்பிட்டாள். பழகிய பாசத்தில் எடுத்தான்.

"டேய் தம்பி, உன் நெடுஞ்சாலையில இருந்து போன் மேல போனா வருதுடா. சார்ஜர் எங்க, சார்ஜர் எங்கன்னு கேட்டு என்னை வறுத்து எடுக்கறாங்க."

"கேக்கறாங்களா?" அவன் எழுந்தே நின்றுவிட்டான். "அக்கா, எத்தனை பேர் கேக்கறாங்கன்னு எழுதி வை! ஜனங்க எவ்வளவு ஏங்கறாங்க பாத்தியா!"

"ஏங்கறதெல்லாம் இல்லடா, காது கூசற மாதிரி..."

"ஆசை முத்தினா கோவம் வரத்தான் செய்யும்கா. வெச்சிடறேன், மீட்டிங்!"

மேனேஜருக்கு வேறு வழி இல்லை. "சரி. நாளைக்கு போர்டு மீட்டிங். நீ அங்கயே போய் நின்னு வீடியோவுல காட்டு. கார் நிக்குதுன்னா கையெழுத்து. நிக்கலைன்னா..."

மேனேஜர் காதைத் தொட்டுக் காட்டினார். அவன் காது அரித்தது.

கம்பெனியின் மின்சாரக் காரை வாங்கிக்கொண்டு வந்தான். மாமியாரை அதே சாலையின் அந்தக் கோடியில் இருக்கும் மச்சினி வீட்டில் இறக்கிவிட வேண்டியிருந்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று கிளம்பினான். மனைவி வண்டி ஓட்ட, அவன் பக்கத்தில் மடியில் லேப்டாப்போடு போர்டுக்குப் பேச வேண்டியதை மனப்பாடம் செய்ய, பின்சீட்டில் மாமியார் தன் பெட்டியோடு.

"ஏங்க, நடுவுல எங்கயாவது சார்ஜ் போடணுமா?"

"கார் சொல்லும்மா. கம்பெனி கார், நம்ம கம்பெனி மேப். அது நில்லுன்னா நில்லு, போன்னா போ. என்னைத் தொந்தரவு பண்ணாத."

மறுபடி அவன் தலையைத் தூக்கியபோது வழியில் இருந்த கடைசி ஊரும் தாண்டிப் போயிருந்தது. இரண்டு பக்கமும் பொட்டல்.

"ஐயையோ! அந்த ஊர்ல சார்ஜ் போடலையா?"

"கார் வேண்டாம்னுச்சு."

"அது வேண்டாம்னா விட்டுடுவியா?"

"நீங்கதானே அது பேச்சைக் கேக்கச் சொன்னீங்க! என் பேச்சைக் கேளுன்னு என்னிக்காவது சொல்லியிருக்கீங்களா?"

திரும்பிப் போகவும் பேட்டரி காணாது, அந்தக் கோடிக்குப் போகவும் காணாது. அவன் ஒரு நிமிஷம் கண்ணை மூடினான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டான்.

"நேரா விடு. நின்னாலும் நம்ம கார் நம்ம புள்ளியில போய்த்தான் நிக்கணும்."

முதலில் ஏசியை அணைத்தான். மாமியார் ஜன்னலைத் திறந்தார். ஜன்னல் திறந்தால் காற்று முட்டி இன்னும் அதிகமாகச் சார்ஜ் தின்னும் என்று அதை மூட வைத்தான். மாமியார் இட்லித் தட்டில் உட்கார்ந்த மாதிரி வேகத் தொடங்கினார். வேகத்தைக் குறைக்கச் சொன்னான். பின்னால் வந்த டிராக்டர் ஒன்று ஹாரன் அடித்துவிட்டு முந்திக்கொண்டு போனது. டிராக்டர்காரர் திரும்பிப் பார்த்து டாட்டா வேறு காட்டினார்.

அவன் கண் மெல்லப் பின்சீட்டுப் பெட்டியின் மேல் போனது.

"பெட்டியை இறக்கறதா இருந்தா," என்றார் மாமியார், முகத்தைத் துடைத்துக்கொண்டே, "முதல்ல நீங்க இறங்குங்க மாப்பிள்ளை. உங்க எடைதான் ஜாஸ்தி. பெரும்புள்ளியாச்சே!"

அந்த நேரம் பார்த்துப் புகார் அக்கா கூப்பிட்டாள். "டேய், வெக்காத, கேளு! இன்னிக்கு ஒருத்தர்..."

"அக்கா, போன்லகூட சார்ஜ் கம்மி!" என்று வைத்துவிட்டான்.

கடைசிச் சொட்டில் கார் ஒரு மேட்டில் ஏறி, மறுபக்கம் உருண்டு இறங்கியது.

கார்கள்.

சாலையோரம், மரத்தடியில், மண்ணில், கார்கள். வெள்ளை, சிவப்பு, நீலம், எல்லாம் மின்சாரக் கார்கள். கதவை எல்லாம் திறந்து போட்டு, துண்டை விரித்து ஜனம் படுத்திருந்தது. ஒருவர் பனியனோடு விசிறிக்கொண்டிருந்தார். இரண்டு குடும்பம் சீட்டாடிக்கொண்டிருந்தது. ஒரு குட்டிப் பெண் அப்பா காலைக் கட்டிக்கொண்டு "ஊஞ்சல் எங்க? ஊஞ்சல் இருக்குன்னு சொன்னியே!" என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

அவனுக்குப் புல்லரித்தது. "பாத்தியா! ஊஞ்சல்கூட நான் போட்டதுதான். அந்தக் குழந்தை மனசுல இருக்கறது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு பாரு!"

கார் ஒரு முனகலோடு, சரியாகக் கூட்டத்தின் நடுவில் போய் நின்றது. அதற்குமேல் அசையவில்லை. அவன் கவலைப்படவில்லை. இறங்கிப் போனை உயர்த்திப் பிடித்தான். திரையில் போர்டு மேஜை, மேனேஜர், கணக்கு மேடம், நடுவில் வெள்ளைத் தலையோடு சேர்மன்.

"பாருங்க சார்! இன்னிக்கு வேலை நாள். இங்க டீக்கடைகூடக் கிடையாது. இருந்தும் எத்தனை கார் பாருங்க! இன்னும் ஒரு கல்லுகூட நடலை, அதுக்குள்ள ஜனங்க வந்து இடம் பிடிச்சு உக்காந்திருக்காங்க!"

போனைச் சுற்றிக் காட்டினான். விசிறிக்கொண்டிருந்த பனியன்காரர் போனைப் பார்த்து முஷ்டியை உயர்த்தி ஏதோ கத்தினார்.

"என்ன சொல்றார் அவர்?" என்றார் சேர்மன்.

"ஆர்வம் சார்! கொந்தளிக்கறாங்க!"

சேர்மன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். கணக்கு மேடமே தலையாட்டினார். மழையையே நம்பாத மேடம்!

"ஸ்டேஷனுக்கு ஒப்புதல்," என்றார் சேர்மன். "இந்தப் பையனையும் திட்டப் பிரிவுலயே நிரந்தரமாப் போட்டுடுங்க. இந்தக் காலத்துல இவ்வளவு பிடிவாதமா வேலை பார்க்கறவன் கிடைக்கறது அபூர்வம்."

"போதும்ப்பா, கட் பண்ணு," என்றார் மேனேஜர் அவசரமாக. வாழ்க்கையில் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர் அவர்.

பின்னால் மாமியார் காரிலிருந்து இறங்கி, வியர்வையோடு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பரவாயில்ல மாப்பிள்ளை," என்றார். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் வாயிலிருந்து வந்த முதல் பரவாயில்லை.

அதுதான் அவன் தலைக்கேறியது.

"ஒரே ஒரு சாட்சி சார்! நான் சொன்னா நல்லா இருக்காது. தினம் இங்கயே இருக்கறவங்க வாயால கேளுங்க!"

கூட்டத்தின் ஓரத்தில், பழுதான கார்களைத் தூக்கிக்கொண்டு போகும் லாரி ஒன்று நின்றது. புத்தம் புதுசு. சீட்டின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கிழிக்கப்படவில்லை. லாரிக்காரர் ஒரு நீலக் காருக்குக் கொக்கி மாட்டிக்கொண்டிருந்தார். அங்கே சிரித்த முகமாக இருந்த ஒரே ஆள் அவர்தான்.

அவன் ஓடிப்போய்ப் போனை அவர் முகத்துக்கு நேராக நீட்டினான்.

"அண்ணே, பெரியவங்க எல்லாம் பாத்துட்டு இருக்காங்க, நீங்களே சொல்லுங்க. இந்தப் பொட்டல் காட்டுக்குத் தினம் தினம் இத்தனை கார் ஏன் தேடி வருது?"

லாரிக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, போனைப் பார்த்துப் பெரிதாக ஒரு கும்பிடு போட்டார்.

"யார் பெத்த புள்ளையோ, நல்லா இருக்கணும் சார்... இங்க சார்ஜர் இருக்குன்னு மேப்புல பச்சையா ஒரு புள்ளி வெச்சிருக்கான், அதை நம்பி வந்து நின்னுபோற காரை எல்லாம் இழுத்து இழுத்தே நான் ரெண்டாவது லாரி வாங்கிட்டேன்!"