மோட்டார் இல்லாத பம்புக்கு முட்டை சார் போட்ட மார்க்

திருச்சியைச் சுற்றி இருக்கிற இன்ஜினியரிங் காலேஜ்களில் மார்க்குக்கு மரியாதை கொடுத்த ஒரே மனுஷன் முட்டை சார்தான். மரியாதை அதிகம் என்பதால் அதை வெளியே எடுக்கவே மாட்டார். யாருக்காவது நூற்றுக்கு நாற்பது போட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. மற்றபடி முட்டைதான். பையன்கள் வைத்த பேர் அது. ஆள் ஸ்ரீரங்கம். அவர் வீட்டுக்குள் நிஜ முட்டை ஒருநாளும் நுழைந்ததில்லை.

நான் அந்தக் காலேஜில் ஹைட்ராலிக்ஸ் லேப் அட்டெண்டர். படிப்பு எட்டாவதோடு சரி. பம்பைத் துடைப்பேன். தொட்டியில் தண்ணீர் நிரப்புவேன். ரெக்கார்டு நோட்டுகளை அடுக்குவேன்.

காலேஜ் பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் எப்போதும் காலி. பையன்கள் ஸ்ரீரங்கத்திலிருந்து காலேஜ் வரை நின்றுகொண்டே வருவார்கள். உட்கார்ந்தால் கேள்வி கேட்பார். ஒரு நாள் புதுப் பையன் ஒருவன் தெரியாமல் உட்கார்ந்துவிட்டான். பஸ் கிளம்பும்போது உடம்பு ஏன் பின்னால் சாய்கிறது என்று கேட்டார். அவன் எந்தப் பாடம் என்று யோசித்தான்.

"பாடத்தை விடுங்க. நீங்க சாஞ்சீங்களா இல்லையா?"

"இது பரீட்சைக்கு வருமா சார்?"

சார் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலேயே இறங்கிவிட்டார். அன்றைக்கு டவுன் பஸ் பிடித்துத்தான் காலேஜ் வந்தார்.

ரெக்கார்டு நோட்டிலும் அதே கதை. பச்சை மையில் மார்ஜின், பிரவுன் அட்டை, சீனியரைப் பார்த்து எழுதிய முத்து முத்தான எழுத்து. அதற்கு மார்க் போடுவதுதான் காலேஜ் வழக்கம். சார் அறுபது நோட்டையும் திறக்காமல் திருப்பிக் கொடுத்தார். கையெழுத்து நன்றாக இருப்பதை அம்மாவிடம் சொல்லுங்கள், பம்ப் எப்படி ஓடுகிறது என்பதை என்னிடம் சொல்லுங்கள் என்றார்.

ஓடினால்தானே சொல்வார்கள்? சென்ட்ரிஃபியூகல் பம்பின் மோட்டார் காயில் எரிந்து, பாலக்கரை வைண்டிங் கடைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பழுது பார்க்க அனுமதி கேட்ட காகிதம் ஆபீசில் தூங்கியது. அதே வருஷத்தில் காலேஜ் வாசல் வளைவுக்கு இரண்டு தடவை பெயின்ட் அடித்தார்கள்.

பம்ப் நின்றது. பரீட்சை நிற்கவில்லை. அதற்குக் காரணம் நான். என் டிராயரில் ஒரு பழைய நோட்டு இருந்தது. எப்போதோ யாரோ எடுத்த ரீடிங் எல்லாம் அதில் இருக்கும். "அண்ணே, பம்ப் ரீடிங்" என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பேன். கணக்குப் போட்டால் பம்பின் திறன் அறுபத்திரண்டு சதவீதம் வரும். எல்லோருக்கும் அறுபத்திரண்டு. எல்லா வருஷமும் அறுபத்திரண்டு.

மாடல் பிராக்டிகல் பரீட்சை வந்தது. சீட்டு எடுத்து, வந்த சோதனையைச் செய்ய வேண்டும். சார் அந்தப் பம்பையும் சீட்டில் எழுதினார். மோட்டார் இல்லையே என்று நினைவுபடுத்தினேன்.

"தெரியும். இருக்கட்டும்."

பதின்மூன்று பேருக்கு அந்தச் சீட்டு வந்தது. அதில் பன்னிரண்டு பேர் மோட்டார் இல்லாத பம்பின் முன்னால் நின்று, வாட்சைப் பார்த்துப் பார்த்து ரீடிங் எழுதினார்கள். கிராஃப் கோடு வழுக்கிக்கொண்டு போனது. மோட்டார் சத்தமில்லாமல் ஓடுகிறதா என்று சரிபார்த்ததாக ஒருவன் எழுதியிருந்தான். அவனை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பதின்மூன்றாவது ஒரு பெண். துறையூர்ப் பக்கம் வெங்காயம் போடுகிற வீடு. பம்பைச் சுற்றி ஒரு தடவை வந்தாள். மோட்டார் இல்லை, சோதனை செய்ய முடியாது என்று ஒரே வரி எழுதினாள். பேனாவை மூடிவிட்டாள்.

சார் பன்னிரண்டு பேருக்கு முட்டை போட்டார். அவளுக்கு நூறு.

மறுநாள் பிரின்சிபால் ரூமில் பஞ்சாயத்து. அவர் கையில் மார்க் திட்டம். நோக்கத்துக்கு இத்தனை, சூத்திரத்துக்கு இத்தனை, அட்டவணைக்கு இத்தனை என்று கட்டம் கட்டமாக இருந்தது. மோட்டார் இல்லை என்று கண்டுபிடித்தால் போடுவதற்கு ஒரு கட்டமும் இல்லை. அந்தக் காகிதப்படி பன்னிரண்டு பேருக்கும் தொண்ணூறு. அந்தப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை. இந்த மார்க்தான் இன்டர்னல். அதில் போனால் அவளுக்கு அரியர். அரியர் விழுந்தால் ஸ்காலர்ஷிப் நிற்கும். அது நின்றால் படிப்பு நிற்கும்.

"மோட்டார் இல்லாத பம்பைப் பரீட்சைக்கு வெக்கலாமா?" என்றார் பிரின்சிபால்.

"போன வருஷமும் இதே பம்ப்தாங்க சார். அப்ப பரீட்சை வெச்சவரு எல்லாருக்கும் தொண்ணூறு போட்டிருக்காரு" என்றார் முட்டை சார்.

பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார். "சந்தானம், போன வருஷம் மோட்டார் இருந்துச்சில்ல?"

கேள்வியிலேயே பதிலை வைத்துக் கொடுத்தார். இருந்தது என்றால் சார் பொய்யர், பெண்ணுக்கு அரியர். இல்லை என்றால் என் டிராயரைத் திறப்பார்கள். பதினாலு வருஷ வேலை.

"இல்லைங்க சார். ரீடிங் நான்தான் கொடுத்தேன்."

பிரின்சிபால் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. இதையெல்லாம் வெளியே பேச வேண்டாம் என்று மட்டும் சொன்னார். ரீடிங் பொய் என்று அவருக்கு முன்பே தெரியும். அவர் கணக்கில் நான் கொடுத்தது தப்பில்லை. வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு.

நாலு வருஷம் படித்துவிட்டு வருகிறவன் கண்ணெதிரே மோட்டார் இல்லாததைப் பார்க்க மாட்டான். அதற்குத் தொண்ணூறு. நாளைக்கு அவன் மாட்டுகிற லிஃப்டில் நீங்களும் நானும்தான் ஏற வேண்டும்.

முட்டை சார் குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பொண்ணு மார்க்கை மாத்துனா, லேப்ல மோட்டார் இல்லேன்னு எழுதி இன்ஸ்பெக்‌ஷன்காரங்க கையில குடுப்பேன் சார்" என்றார்.

நூறு அப்படியே நின்றது. மற்றவர்களுக்கு ஓடுகிற மெஷினில் மறுபரீட்சை. வருஷக் கடைசியில் சாரை இனி வர வேண்டாம் என்றார்கள். காரணம், பாஸ் சதவீதம் குறைகிறதாம். என்னை விட்டுவிட்டார்கள். தொட்டி நிரப்ப ஆள் வேண்டுமே.

அவர் போன மறுவாரம் மோட்டார் வந்தது. பொருத்தி ஓட்டினேன். முதல் தடவையாக நானே ரீடிங் எடுத்தேன். துறையூர்ப் பெண் கணக்குப் போட்டுக் கொடுத்தாள். ஐம்பத்துநான்கு வந்தது.

சாயங்காலம் ஸ்ரீரங்கம் போனேன். சார் வாசலில் நின்றார். ஐம்பத்துநான்கு என்றேன்.

"எத்தனை தடவை எடுத்தீங்க?"

"ஒரு தடவைங்க."

"பத்தாதே. மூணு தடவை எடுக்கணும்."

மறுநாள் மூன்று தடவை எடுத்தேன். போய்ச் சொன்னேன். தலையாட்டிவிட்டு காபி கொடுத்தார்.

அதற்கடுத்த நாள் சொல்வதற்கு ரீடிங் எதுவும் இல்லை. அன்றைக்கும் போனேன்.