அடிபடாத தலைக்கு ஒரு ஹெல்மெட்

ஏற்காட்டில் முதன்முதலாக ஹெல்மெட் போட்ட மனிதர் எங்கள் ஹெல்மெட் ரைட்டர்தான் என்று அடித்துச் சொல்வேன். அவரிடம் பைக் கிடையாது. சைக்கிள்கூடக் கிடையாது.

மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் வேலைக்கு வரும் ஆட்களின் பேர் எழுதுகிற ரைட்டர் அவர். இதயத்தில் வால்வு மாற்றியிருந்தார்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை. தலையில் மட்டும் அடிபடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாராம் டாக்டர். வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் பார்த்து நடப்பார்கள். இவர் சேலத்துக்கு இறங்கிப்போய்ச் சிவப்பு ஹெல்மெட் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பலாமரத்தடியில் ஹெல்மெட், பஸ்ஸில் ஹெல்மெட், கோயிலில் ஹெல்மெட். பூசாரி திருநீறு பூச நெற்றியைத் தேடுவார்.

அதுகூடப் பரவாயில்லை. ஒண்டிக்கடை முக்கில் யார் சிக்கினாலும் நிறுத்திவைத்துப் பாடம் கேட்பார்.

“ஏனுங்க, எனக்குத் தலவலின்னா என்ன பண்ணோணும்?”

“தலவலி மாத்திர குடுக்கக் கூடாதுங்க. நேராச் சேலம் ஆஸ்பத்திரிங்க. ரத்தம் உறையாம இருக்கறதுக்கு மாத்திர திங்கற ஆளுன்னு மொதல்ல சொல்லோணுங்க.”

“டாக்டர் சீட்டு?”

“ஹெல்மெட்டுக்குள்ளங்க!”

நான் அப்போது அங்கே தபால் ஆபீஸ் குமாஸ்தா. சாயங்காலமானால் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவரைப் போலவே பேசிக் காட்டுவேன். ரூமில் இருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள்.

ஒரு மழைநாள் காலை. எஸ்டேட் ஜீப்புக்குக் காத்திருந்த ரைட்டர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். அவர் அதைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை.

“மண்ட வெடிக்குதுங்க...” என்றார். அதற்குமேல் வாய் குழறியது.

எங்கள் ஊர் டீக்கடைகளில் பன் பாட்டிலுக்குப் பக்கத்திலேயே தலைவலி மாத்திரையும் இருக்கும். தலைவலி என்று சொன்னால் போதும், கேட்காமலேயே டீயோடு ஒன்று வந்துவிடும். மாஸ்டர் வழக்கம்போல ஒன்றைப் பிரித்து அவர் வாயருகே கொண்டுபோய்விட்டார்.

“மாத்திர குடுக்கக் கூடாதுங்க!” என்று கத்தினேன். பாழாய்ப்போன பழக்கம், அவர் குரலிலேயே வந்து தொலைத்தது. யாரும் சிரிக்கவில்லை. பெஞ்சிலிருந்த மற்ற ஐந்து பேரும் ஒரே குரலில், “நேராச் சேலங்க!” என்றார்கள்.

எஸ்டேட் ஜீப் வந்ததும் அதில் படுக்கவைத்து மலையிறங்கினோம். வளைவுக்கு வளைவு, “ரைட்டரே, கண்ண மூடிராதீங்க” என்று கெஞ்சிக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரியில் ஆறு பேரும் டாக்டரைச் சூழ்ந்துகொண்டு பாடத்தை ஒப்பித்தோம். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சீட்டை எடுத்து நீட்டினேன்.

மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருந்தது. அடிபட்டு அல்ல, தானாகவே. “அந்தத் தலைவலி மாத்திரையும் உள்ளே போயிருந்தால் கசிவு இன்னும் அதிகமாகியிருக்கும். ஆளைக் காப்பாற்றியிருக்க முடியாது” என்றார் டாக்டர்.

இரண்டு மாதம் கழித்து மொட்டைத்தலையில் தையல் தழும்போடு தபால் ஆபீஸ் ஜன்னலில் வந்து நின்றார். கையில் ஹெல்மெட்.

“அடியே படாம வந்துருச்சு பாருங்க. இந்தக் கழுதைய நம்பி மோசம் போனேன். பைக்கு ஓட்டறவரு நீங்கதான, நீங்க போட்டுக்குங்க சாமி.”

“உங்கள நொம்பக் கேலி பண்ணிட்டேனுங்க.”

“பண்ணுனதுனாலதான மனப்பாடமாச்சு! எங்க, ஒருக்காச் செஞ்சு காட்டுங்க. நான் பாத்ததே இல்ல.”

ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன். “ஏனுங்க, எனக்குத் தலவலின்னா...” என்று ஆரம்பித்தேன்.

நல்லவேளை, அந்த ஹெல்மெட்டில் கண்ணை மறைக்கக் கறுப்புக் கண்ணாடி இருந்தது. சட்டென்று இறக்கிவிட்டுக்கொண்டேன்.