சம்மந்தி கடித்த சஹன்

களிமண்ணைக் கையில் எடுத்த எவருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு திமிர் வந்துவிடும். எனக்கு முதல் நாளே வந்தது. இன்னும் இறங்கவில்லை.

இராமநாதபுரத்தில் நான் படித்த கல்லூரியில் முதலாண்டு மாணவிகள் ஒரு கைத்தொழில் பாடம் எடுத்தாக வேண்டும். தோழிகள் எல்லாம் தையலுக்குப் போனார்கள். நான் செராமிக்ஸ் எடுத்தேன். எங்கள் பட்டறை முன்பு சைக்கிள் ஷெட்டாக இருந்த இடம். மூலையில் ஒரு மின்சாரச் சூளை, நடுவில் மூன்று குயவர் சக்கரங்கள். காற்று பட்டால் மண் சீக்கிரம் காய்ந்து வெடித்துவிடும் என்று மின்விசிறியைக்கூடப் போட விடமாட்டார்கள். (இராமநாதபுரத்து வெயிலில்! மண் வெடிக்கக்கூடாது, மாணவி வெடிக்கலாம்.)

கலா மேடம் மதுரையிலிருந்து தினமும் ரயிலில் வந்து பாடம் எடுத்தார். முதல் வகுப்பில் ஆளுக்கு ஓர் உருண்டை மண் கொடுத்து, "எல்லாரும் கிண்ணம் செய்ங்க. கட்டை விரலால மெதுவா அமுக்குங்க" என்றார்.

நான் எழுந்தேன். "கிண்ணமெல்லாம் எங்க வீட்ல பூனைக்கு மேடம். நான் சஹன் செய்யப் போறேன்."

சஹன் என்றால் என்னவென்று மேடத்துக்கு விளக்க வேண்டியிருந்தது. கீழக்கரையில் எங்கள் விருந்துகளில் தனித்தட்டு கிடையாது. சஹன் என்ற பெரிய தாம்பாளத்தில் சோறு வரும். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருக்கும் சோற்றைச் சாப்பிடுவார்கள். அடுத்தவர் பக்கம் கை போகக்கூடாது. மற்றவர்கள் முடிக்கும் முன் எழுந்திருக்கவும் கூடாது.

மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவ்வளவு பெரிய தட்டு எனக்கே வளைஞ்சு போகும். கிண்ணம் செய்ம்மா" என்றார். அதன் பிறகு நான் கிண்ணம் செய்வேனா?

வீட்டிலும் இதே பேச்சுதான். லாத்தாவின் (என் அக்காவின்) நிக்காஹ் நிச்சயமாகி, வாப்பா துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். இரண்டாம் ஆண்டிலிருந்து செராமிக்ஸையே முதன்மைப் பாடமாக எடுக்கிறேன் என்று நான் சொன்னதும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"மண்ணைப் பிசையவா உன்னைய காலேஜுக்கு அனுப்புனேன்? பேசாம பி.காம் மாறிக்க."

"மண்ணுன்னு கேவலமாப் பேசாதீங்க வாப்பா. நான் செய்ற சஹன்ல நம்ம சம்மந்தியே உக்காந்து சாப்பிடுவாங்க, பாருங்க."

"சரி. நிக்காஹுக்கு முந்தி விருந்துக்கு வாராக. அதுல அவுக வயிறாரச் சாப்பிட்டு எந்திரிக்கட்டும், நீ கேட்டதைப் படி. இல்லைன்னா பி.காம். பேச்சு முடிஞ்சுச்சு."

"யா அல்லாஹ், கல்யாண வீட்ல பந்தயம் கட்டுறாகளே!" என்று உம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாளே வீட்டிலிருந்த எவர்சில்வர் சஹனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அதைக் கவிழ்த்து, மேலே செய்தித்தாள் விரித்து, அதன்மேல் மண்ணைத் தட்டித் தட்டி அச்செடுப்பது என் திட்டம். முதல் சஹன் காயும்போதே நடுவில் பிளந்தது. இரண்டாவது அப்பளம் மாதிரி வளைந்து நின்றது. வகுப்பில் மற்றவர்கள் கிண்ணம் முடித்து, மூடி போட்ட ஜாடிக்கே போய்விட்டார்கள்.

மேடம் மனம் இரங்கி, "மண்ணுல கொஞ்சம் ஆத்து மணல் சலிச்சுக் கலந்தா வெடிப்பு குறையும்" என்றார்.

ஆற்று மணல்! எங்கள் மாவட்டத்தில்! வைகையே எங்கள் பக்கம் வந்து சேர்வதற்குள் களைத்துப் போய்விடும். நான் என்ன செய்தேன்? எங்கள் கடற்கரையில் ஒரு வாளி மணல் அள்ளினேன். உப்புப் போக நன்றாகக் கழுவினேன். (அந்த அளவுக்கு எனக்கு அறிவு இருந்தது என்பதைப் பதிவு செய்கிறேன்.) சலித்தபோது பொடிப் பொடியாகச் சிப்பித் துண்டுகள் மின்னின. அழகுக்கு இருக்கட்டும் என்று அவற்றையும் சேர்த்தே பிசைந்தேன்.

மூன்றாவது சஹன் பிளக்கவில்லை, வளையவில்லை. சூளையிலிருந்து செக்கச் செவேலென்று வெளியே வந்தது. சுட்டதில் கொஞ்சம் சுருங்கி, நாலு பேர் சஹன் மூன்றரை பேர் சஹனாகியிருந்தது, அவ்வளவுதான். மேடமே தட்டிப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஊர் வரைக்கும் பறந்தேன். வீட்டுக்கு வந்ததும், புதுச் சட்டியைப் பழக்குவது போல, சஹனைக் கஞ்சித் தண்ணீரில் ஊறப்போட்டேன்.

விருந்தன்று கூடத்தில் பாய் விரித்து என் சஹனை நடுவில் வைத்தார்கள். ஆவி பறக்க நெய்ச்சோறு, மேலே கறி. சம்மந்தி மாமா, அவருடைய தம்பிகள் இருவர், வாப்பா என நான்கு பேர் பிஸ்மி சொல்லி உட்கார்ந்தார்கள். நானும் லாத்தாவும் உள் அறைத் திரைக்குப் பின்னால் நின்றோம்.

சம்மந்தி மாமா மூன்றாவது கவளத்தை வாயில் வைத்தார். கறக். தாடை அப்படியே நின்றது. பிறகு ஒன்றுமே நடக்காதது போலப் புன்னகைத்து, எதையோ எடுத்து மெதுவாக ஓரத்தில் வைத்தார். அடுத்து அவருடைய தம்பி. கறக். அவரும் புன்னகைத்தார். விருந்து வைத்தவர் மனம் நோகக்கூடாது அல்லவா? தன் பக்கத்துச் சோற்றில் மட்டும்தான் கல் கிடக்கிறது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் முடிக்காமல் எழவும் முடியாது. ஆகவே நான்கு பெரிய மனிதர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மரியாதையாகக் கல் மென்றார்கள்.

வாப்பாவுக்கும் ஒன்று அகப்பட்டது. உம்மா அரிசியைச் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்து அடுப்படிப் பக்கம் முறைத்தார்.

சோறு குறையக் குறைய எனக்குத்தான் விஷயம் தெரிந்தது. சஹனின் சிவப்பு மேனியில் அங்கங்கே சின்னச் சின்னப் பள்ளம், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டப்பென்று ஒரு சில்லு தெறித்துச் சம்மந்தி மாமாவின் தாடியில் போய் உட்கார்ந்தது. லாத்தா என் கையை நகம் பதியக் கிள்ளினாள். "என் நிக்காஹ் போச்சுடி" என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் என் திமிர் முழுவதும் உள்ளங்காலுக்குப் போய்விட்டது. சத்தியமாகப் பயந்தேன்.

நால்வரும் சாப்பிட்டு முடித்து எழுந்தார்கள். உம்மா வந்து சஹனைத் தூக்கினார். பாதி மட்டும் கையோடு வந்தது.

கை கழுவிவிட்டு வந்த சம்மந்தி மாமா உள்ளங்கையை நீட்டி, மிகவும் பணிவாகக் கேட்டார்: "இது மண்ணா, என் பல்லான்னு தெரியலை. யாராச்சும் பாத்துச் சொல்லுங்களேன்."

பல்தான்.

"நாளைக்கே உன்னைய பி.காம்ல மாத்துறேன்!" என்று வாப்பா திரையைப் பார்த்துக் கத்தினார்.

என்ன தைரியம் என்று இன்றுவரை தெரியவில்லை. தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கூடத்துக்கே போய்விட்டேன். "மாமா, பல்லுக்கு மன்னிச்சிருங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க. வயிறாரச் சாப்பிட்டீங்களா, இல்லையா?"

சம்மந்தி மாமா என்னைப் பார்த்தார், உடைந்த சஹனைப் பார்த்தார். "சாப்பிட்டேம்மா. சோறு வயிறார. சஹனும் கொஞ்சம்."

"வாப்பா, சாப்பிட்டு எந்திரிச்சாகளா, இல்லையா?"

பந்தயக் கதையை வாப்பாவே சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டு முடித்ததும் சம்மந்தி மாமா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். (ஓட்டை தெரியக்கூடாதே.) "சம்மந்தி, புள்ளைக்கு வாக்குக் குடுத்துட்டீங்க. என் பல்லு வீணாப் போகக்கூடாது. படிக்க வைங்க" என்றார். பி.காம் என்ற சொல் அன்றோடு எங்கள் வீட்டில் ஒழிந்தது.

உடைந்த துண்டுகளை மேடத்திடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெள்ளைப் புள்ளியை நகத்தால் சுரண்டிப் பார்த்தவர், "சிப்பி சூளையில வெந்து சுண்ணாம்பாயிருச்சு. தண்ணி பட்டதும் ஊதி வெடிக்குது. ஆத்து மணல்னுதானே சொன்னேன்?" என்றார். சிப்பியைச் சுட்டால் சுண்ணாம்பு என்பது எங்கள் கடற்கரையில் கைக்குழந்தைக்கும் தெரியும். நான் மட்டும் அதைத் தட்டாக்கிச் சம்மந்திக்கு முன்னால் வைத்திருக்கிறேன்.

"எங்க ஜில்லாவுல ஆறு எங்கன இருக்கு மேடம்?" என்று கேட்டேன். பாஸ் மார்க் போட்டார்.

இப்போது எனக்குச் சொந்தமாகப் பட்டறை இருக்கிறது. வளையாத, வெடிக்காத, நாலு பேர் நாலு பேராகவே உட்காரக்கூடிய சஹன் செய்கிறேன். லாத்தாவுக்கு இரண்டு பிள்ளைகள். எங்கள் குடும்பத்தில் எந்த விருந்தானாலும், சஹன் வந்ததும் சம்மந்தி மாமா தாடையைத் தடவிக்கொண்டு, "இது கடையில வாங்குனதா, சமீமா செஞ்சதா?" என்பார். நான் செய்தது என்றால், "இருங்க, கட்டுன பல்லைக் கழட்டி வச்சுட்டு வாரேன்" என்று எழுந்திருப்பது போல நடிப்பார். வீடே உருண்டு புரண்டு சிரிக்கும். சின்னப் பிள்ளைகள்கூட என்னைப் பார்த்துக் கறக் கறக் என்று சத்தம் போடுகிறார்கள்.

சிரிக்கட்டும். போன பெருநாளைக்கு என் சஹன்கள் போதாமல், அவர் உட்கார வேண்டிய பாயில் மட்டும் எவர்சில்வர் சஹன் வைத்துவிட்டார்கள். மனிதர் பாயில் உட்காரவே மாட்டேன் என்றுவிட்டார்.