முட்டத்துப் படிகளில் எண்பத்து நான்கு ராத்தல்

வாழ்க தங்கையன்! காக்கித் தொப்பி சூடிய தலையினன், ஆணி தைத்த பூட்சு பூண்ட தாளினன், நாகர்கோவிலிலிருந்து கடற்கரை ஊர்கள் வரை பார்சல் ஏற்றிச் செல்லும் மோட்டார் லாரியின் ஒரே சாரதி, எண்பத்து நான்கு ராத்தல் பெட்டியொன்றோடு தனித்து நின்று பொருத பெருவீரன், வாழ்க! கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றொன்பது, மீன மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் முற்பகலில், முட்டத்துப் பாறைப் படிகளின்மேல் அவன் நிகழ்த்திய போரை உரைக்கப் புகுகிறேன். இதில் யானையில்லை, தேரில்லை, முரசில்லை. ஒரு மனிதனின் இடுப்பும் ஒரு பலகையில் எழுதப்பட்ட பதினெட்டு விதிகளும் எதிரெதிரே நின்றன. இடுப்பே, சொல்லாமல் சுமப்பாய், சொல்லாமல் முறிவாய். இக்கதை முடியும் வரையிலாவது என்னை நிமிர்ந்து உட்கார விடுவாயாக.

விதிகளின் பிறப்பை முதலில் சொல்லவேண்டும். பார்சல் கம்பெனியின் அதிபதியாகிய யேசுரத்தினம் முதலாளி, கொழும்பில் ஒரு வெள்ளைக்காரனின் சரக்குக் கிட்டங்கியில் பதினோராண்டு மேஜைக்குப் பின்னால் அமர்ந்திருந்து, ஊர் திரும்புகையில் ஒரு கறுப்புக் குடையையும் ஒரு சிறு இங்கிலீஷ் புத்தகத்தையும் கொண்டுவந்தார். குளிர்நாட்டுச் சுமையாட்கள் தங்கள் உடலைச் சேதமின்றிக் காப்பது எப்படி என்பதைச் சொல்லும் புத்தகம் அது. அதை அவரே தமிழாக்கி, பலகையில் எழுதுவித்து, லாரிக் கொட்டகையின் வாசலில் தொங்கவிட்டார். குடையைவிடக் கனமான எதையும் தூக்கியறியாத கைகள், தூக்குவது எப்படி என்று உலகுக்கு உரைத்தன.

“முதல் விதி: முழங்காலை மடக்குக. முதுகை நிமிர்த்துக. சுமையை வயிற்றோடு அணைத்து எழுக.

மூன்றாம் விதி: உடலில் நோவு உண்டாயின் அன்றே அறிவிக்க. அறிவித்தவன் டாக்டர் சீட்டு கொண்டுவரும் வரை சம்பளமின்றி விலகி நிற்க.

ஏழாம் விதி: தலைச்சுமை அநாகரிகம். தொப்பியின்மேல் எதுவும் ஏறலாகாது.

ஒன்பதாம் விதி: சுமையோடு நடப்பவன் வழிப்போக்கரிடம் வாய் திறவாதிருக்க.

பன்னிரண்டாம் விதி: படிகளில் உறைபனி படிந்திருப்பின் உப்புத் தூவி, அது கரைந்தபின் ஏறுக.

பதினான்காம் விதி: கையொப்பம் பெறும்வரை அன்னியர் கை பார்சலைத் தீண்டலாகாது.”

உறைபனியை நாஞ்சில் நாட்டில் கண்டவர் எவருமில்லை. ஆயினும் விதி விதியே. லாரியின் இருக்கைக்கடியில் ஆறு படி உப்பு ஒரு சாக்குப்பையில் எந்நேரமும் இருந்தது. என்றேனும் ஒருநாள் பனி வரும், வந்தால் அவமானப்பட்டுத் திரும்பும் என்று அந்தப் பை மாதக்கணக்காகக் காத்திருந்தது.

இனி வீரனின் பூர்வம். தங்கையன் இருபதாண்டுகள் வடசேரிச் சந்தையில் தலைச்சுமைக்காரனாக இருந்தவன். துணியைச் சுருட்டிச் சும்மாடாக உச்சியில் வைத்து, எவரேனும் ஒரு கை பிடித்து ஏற்றிவிட்டால், இரண்டு மூட்டை நெல்லோடு ஒழுகினசேரிப் பாலத்தை ஒரே மூச்சில் கடந்துவிடுவான். அவன் கழுத்து கருங்கல் தூண். ஆனால் தலைச்சுமைக்காரனுக்கு ஒரு குறை உண்டு. அதை நெல் வியாபாரிகள் அறியமாட்டார்கள். மூட்டைக்குக் கீழே ஒரு முகம் இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. “மூட்டை வருது, விலகு” என்பார்களேயன்றி, தங்கையன் வருகிறான் என்று ஒருவரும் சொன்னதில்லை. லாரியைக் கழுவி, லாரியோடு பழகி, லாரியை ஓட்டக் கற்று, தொப்பி சூடிய நாளன்றுதான் ஊர் அவன் முகத்தைப் பார்த்தது. வயிற்றோடு அணைத்த பெட்டிக்கு மேலே முகம் தெரியும். ஆகவே, தன் இடுப்பை நாள்தோறும் அரைத்துக்கொண்டிருந்த விதிகளை அவன் ஒரு காதலனைப்போல நேசித்தான். இதைவிடப் பெரிய மடமையைக் காவியங்களும் கண்டிருக்கின்றன. ஆனால் அவற்றில் இடுப்பு பிசகவில்லை.

பிசகியது சனிக்கிழமை. நெல்லு குத்தும் மில்லுக்குப் போகவேண்டிய இரும்புச் சக்கரத்தை, முழங்கால் மடக்கி, முதுகு நிமிர்த்தி, முதல் விதி வழுவாது தூக்கியபோது, இடுப்பின் நட்டநடுவில் யாரோ தீக்குச்சி உரசியதுபோல இருந்தது. அவன் வாய் திறக்கவில்லை. காரணம் இருந்தது. முந்திய மாதம் இதே லாரியை ஓட்டிய ராஜையன், மூன்றாம் விதியைப் படித்து நம்பி, “முதலாளி, இடுப்பு வலிக்கி” என்று உண்மை சொன்னான். அன்று கழற்றி வைத்த தொப்பிதான் இப்போது தங்கையன் தலையில் இருந்தது. ராஜையன் தக்கலைச் சந்தையில் சேனைக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, அவன் மனைவி ஞானபாய் சட்டியில் உப்பை வறுத்து, துணியில் முடிந்து, அவன் இடுப்பில் ஒற்றினாள். வாயுப் பிடிப்பு என்றுதான் அவளிடமும் சொல்லியிருந்தான்.

“வாயுவாம், வாயு! வாயு பிடிச்சவன் பூட்சு மாட்ட என்னைக் கூப்பிடுவானா? முதலாளிட்ட சொல்லும். ரெண்டு நாளு கிடந்தா சரியாயிரும்.”

“மெதுவா பேசுட்டி. அடுத்த வீட்டுக்குக் கேட்டா கொட்டகைக்குக் கேட்டது போலயாக்கும். ராஜையன் கிழங்கு விக்கியது உனக்குக் கண்ணுல படலியா?”

“கிழங்கு வித்தாலும் அவன் நிமிந்து நின்னு விக்கியான்” என்றாள் ஞானபாய். வீரன் தொப்பியை எடுத்துச் சூடிக்கொண்டான்.

அன்று கொட்டகையில் இடி விழுந்தது. வரும் திங்களன்று டாக்டர் ஒருவர் முன்னிலையில் ஊழியர் அனைவரின் இடுப்பும் சோதிக்கப்படும் என்று முதலாளி அறிவித்தார். அறிவித்ததோடு நில்லாமல், குடையும் தாமுமாக லாரியில் ஏறி அமர்ந்தார். “உன் நடையிலே ஒரு கோணல் தெரிகிறது என்று கேள்விப்பட்டேன், தங்கையா. இன்று கூடவே வந்து பார்க்கிறேன்.” அவர் எப்போதும் பலகையில் எழுதுவது போலத்தான் பேசுவார்.

முட்டத்தில் சாலை கடற்கரையோடு முடிகிறது. அங்கே லாரி நின்றது. பெட்டியின்மேல், “ரீத்தா, சிலுவை மனைவி, கோயிலுக்கு மேற்கே, முட்டம்” என்று எழுதியிருந்தது. முதலாளி மூக்குக் கண்ணாடியை உயர்த்தினார். கோயில் மேலே, பாறையின் உச்சியில், நூற்றுச் சொச்சம் படிகளுக்கு அப்பால் வெள்ளையாக நின்றது. “கோயில் அங்கே. ஏறுக” என்று குடையை நீட்டிக் கட்டளையிட்டார். மேற்கு எங்கே என்று இருவரில் எவரும் யோசிக்கவில்லை. படைத்தலைவர்கள் திசையைக் கேட்டுத் தெரிந்துகொள்வது வழக்கமில்லை.

தங்கையன் மடக்கினான், நிமிர்த்தினான், அணைத்தான், எழுந்தான். கண்ணில் மின்னல் வெட்டியது. முகத்தில் ஒரு தசையும் அசையவில்லை. பகைவர் வேலை மார்பில் ஏற்றுக்கொண்டு சிரித்து நின்ற வீரரும் உண்டு என்பார்கள்; அவர்களை முதலாளி பின்னாலிருந்து உற்றுப் பார்க்கவில்லை.

அப்போது கரையிலிருந்து ஒரு பெண், உப்புப் போட்ட மீன் நிறைந்த ஓலைக் கடவத்தைத் தலையில் வைத்து, அதைப் பிடிக்காமலே இரு கையும் வீசிக்கொண்டு, மேற்பாறையில் மீனைக் காயப்போட அதே படிகளில் ஏறினாள். பெட்டியின் எடைக்கு அவள் கடவம் குறைந்ததில்லை. பத்தாம் படியில் அவள் அவர்களை எட்டிப் பிடித்தாள்.

“ஏ அண்ணே, பேறுகாலத்துக்காரி வயித்தத் தாங்குனது போல இதென்ன பிடி? சவத்தத் தூக்கித் தலையில வய்யும்.”

ஒன்பதாம் விதி. தங்கையன் வாய் திறக்கவில்லை.

“யாருக்காக்கும் சாமானம்?”

பூட்சுக்குள் மணல் நெறுநெறுத்தது. வியர்வை தொப்பியின் கீழ் ஆறாகப் பெருகிக் கண்ணில் கடலாக நின்றது. அவன் கடலினூடே அடுத்த படியைத் தேடினான்.

“காது கேக்காதோ? பெரியவரே, உம்மத்தான். யாருக்குக் கொண்டு போறிய?”

முதலாளி குடையை அவள் பக்கம் சாய்த்து, தம் முகத்தை மறைத்துக்கொண்டார். விதியை இயற்றியவரே விதியை மீறலாமா?

“ஓ, துரைமாரு! மிண்டமாட்டாவ!” என்று சிரித்து அவள் இரண்டு இரண்டு படியாக முந்தினாள்.

அறுபதாம் படியில் ஒரு திருப்பம் இருந்தது. முதலாளி பின்தங்கிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெட்டியை ஒரு பாறைமேல் சாய்த்து, குனிந்து தலையைக் கொடுத்தால் போதும். இருபதாண்டுக் கழுத்து அதை வாங்கிக்கொள்ளும். இடுப்பு ஒரு நிமிடம் உயிர் பெறும். தங்கையனின் கழுத்து, பழைய எஜமானைக் கண்ட நாயைப்போல, தானாகவே நீண்டது. தொப்பியைக் கழற்றவேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் அவனால் முடியவில்லை. நோவுக்கு அவன் அஞ்சவில்லை; பெட்டிக்குக் கீழே மறுபடியும் முகமில்லாமல் போவதற்கு அஞ்சினான். பார்க்க அங்கே ஒரு காக்கைகூட இல்லை. ஆயினும் தொப்பி தலையிலேயே இருந்தது, பெட்டி வயிற்றிலேயே இருந்தது, இடுப்பு தன் அழுகையைத் தானே விழுங்கிக்கொண்டது.

மீதிப் படிகளை அவன் எப்படிக் கடந்தான் என்பதை நான் சொல்லமாட்டேன். உண்மையில் அவனுக்கே தெரியாது. உச்சியை அடைந்து, கோயில் வாசற்படியில், முழங்காலை மடக்கி, முதுகை நிமிர்த்தி, பெட்டியை ஒரு முட்டையைப்போல இறக்கி வைத்தான். நேராக நின்றான். வென்றான்! முதலாளி மூச்சிரைக்க வந்து சேர்ந்து, அவனைச் சுற்றி வந்து, கோணலைத் தேடிக் காணாமல், ஏமாற்றத்தோடு தலையசைத்தார். பின் வானதிர முழங்கினார்:

“சிலுவை மனைவி ரீத்தா எங்கே?”

பாறையில் மீனைப் பரப்பிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“நான்தான் அது. கீழேருந்தே கேட்டுட்டு வாறேன்லா? எங்க வீட்டுக்காரரு கொழும்புலேருந்து தையல் மெஷின் அனுப்புவேன்னு எழுதியிருந்தாரு. இதா?”

“வீடு எங்கே?” என்றார் முதலாளி. குரல் பாதியாகிவிட்டிருந்தது.

“கோயிலுக்கு மேக்க. அதா, அங்க.” அவள் நீட்டிய விரலுக்கு நேரே, நூற்றுச் சொச்சம் படிகளுக்குக் கீழே, கடற்கரையில், ஒரு ஓலை வீடு இருந்தது. அதன் வாசலை அடைத்துக்கொண்டு லாரி நின்றது. “மோட்டார நவுத்திப் போடணும் கேட்டேளா, ஆட்டுக்குட்டி உள்ளே நிக்கி.”

அவள் ரசீதில் பெருவிரலைப் பதித்தாள். பதித்த கணமே பதினான்காம் விதி உயிர் துறந்தது. பெட்டி அவளுடையதாயிற்று. துணியைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, பெட்டியின் ஒரு பக்கத்தைப் பற்றிக்கொண்டு, “ஒரு கை பிடிங்க” என்றாள்.

அந்தச் சொல்லை நாஞ்சில் நாட்டில் எவரும் மறுப்பதில்லை. முன்பின் அறியாதவன் கேட்டாலும் பிடித்து ஏற்றிவிட்டுத்தான் தன் வழி போவார்கள். தங்கையன் முன்னால் அடி வைத்தான். அவன் இடுப்பு, இதுதான் கடைசி என்று அவனுக்குச் சொன்னது. அதற்குள் முதலாளி குடையை மடக்கிச் சுவரில் சாய்த்தார். இவன் பழைய சந்தைப் பழக்கத்தில் முதுகை வளைத்துத் தூக்கி, ஒரு மீன்காரியின் முன் கம்பெனியைத் தலைகுனிய வைப்பான் என்று அவர் எண்ணினார்.

“விலகு, தங்கையா. விதிப்படி எப்படி என்று நான் காட்டுகிறேன்.”

காட்டினார். முழங்கால் மடங்கியது. முதுகு நிமிர்ந்தது. சுமை வயிற்றைத் தொட்டது. காய்ந்த தென்னை மட்டை முறிந்தாற்போல ஓர் ஓசை எழுந்தது. பெட்டி ரீத்தாவின் தலையில் போய் அமர்ந்தது, பெரும்பாலும் அவள் பலத்தாலேயே. முதலாளி, எதையோ தரையில் தொலைத்தவர்போல, பாதி குனிந்த நிலையிலேயே நின்றார்.

தங்கையன் அந்த முகத்தைப் பார்த்தான். உதட்டை உள்ளே மடித்து, கண்ணை அகல விழித்து, ஒன்றுமில்லை என்று உலகுக்குச் சொல்லும் அந்த முகத்தை அவன் நன்றாக அறிவான். சனிக்கிழமை முதல் அதைத் தானே அணிந்திருந்தான். இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று மட்டும் நினைத்ததில்லை.

“என்ன முதலாளி?”

“வாயு” என்றார் அவர். பலகைத் தமிழ் அவரை விட்டு ஓடிப்போயிருந்தது. “வாயுப் பிடிப்பாக்கும் மக்கா. வேற ஒண்ணுமில்ல.”

மூன்றாம் விதி இருவருக்கும் நடுவே காற்றில் தொங்கியது. ஒரு சொல், ஒரே ஒரு சொல் தங்கையன் சொல்லியிருந்தால், பலகை விழுந்திருக்கும்; தக்கலைச் சந்தையில் ஒரு கிழங்குக் கூடை தன் ஆளை இழந்திருக்கும். நாவின் நுனிவரை வந்த அச்சொல்லை அவன் தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு விழுங்கினான்.

“வாயுவாத்தான் இருக்கும், முதலாளி. எனக்கும் கொஞ்சம் உண்டும்.”

மூவரும் இறங்கினார்கள். ரீத்தா முன்னால், தலையில் எண்பத்து நான்கு ராத்தலோடு, ஒரு கையால் சேலை நுனியைச் செருகிக்கொண்டு, ஆட்டுக்குட்டியை எட்டிப் பார்த்தபடி போனாள். பின்னால் இரு பெருந்தகைகள், ஒருவர் தோளை ஒருவர் பற்றி, குடையை மூன்றாம் காலாக ஊன்றி, ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு காணிக்கையிட்டு இறங்கினார்கள்.

திங்கட்கிழமைச் சோதனை தேதி குறிப்பிடாமல் தள்ளி வைக்கப்பட்டது. தொப்பி தங்கையன் தலையில் நிலைத்தது. பலகைக்குப் புதுச் சாயம் பூசப்பட்டது. பதினெட்டில் ஒன்றும் குறையவில்லை. ராஜையனைக் கூப்பிட்டு அனுப்பும் எண்ணம் இருவரில் எவருக்கும் வரவில்லை. லாரியின் இருக்கைக்கடியில், வராத பனிக்காக நெடுந்தவம் கிடந்த உப்புப்பை மட்டும், அந்தச் செவ்வாயன்றே கொட்டகையின் பின்புறத்தில், எவரும் காணாமல், பேச்சின்றி, மும்மூன்று படியாகப் பங்கிடப்பட்டு, ஒரு பாதி முதலாளியின் மாடி வீட்டுக்கும் மறுபாதி தங்கையனின் ஓலை வீட்டுக்கும் வெற்றித் திறைபோல எழுந்தருளியது.

அன்று மாலை இரண்டு வீட்டிலும் உப்பு வறுத்தார்கள்.